கிணற்று மேட்டில் ஒரு பழைய இன்ஜின்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். ‘அப்பா காலத்து ஆயில் இன்ஜின் கொட்டகையில் கிடக்கிறது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?’ என்று ஒரு விவசாயி எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், என் வீட்டுப் பின்புறத்தில் நான்கு பழைய இன்ஜின்கள் நிற்கின்றன. அதில் ஒன்றின் கதையைச் சொன்னால்தான் என் பதில் புரியும்.

வேளாண்மைத் துறையில் எனக்கு 30 வருடம் ஓடிவிட்டது. அதில் பெரும்பகுதி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம்தான். வெளிநாடுகளில் பழைய படகு மோட்டார்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, ஓடவிட்டு ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பாலாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். படகுக்கு வேலை இல்லை. எங்களுக்குப் பழைய மோட்டார் என்றால் அது கிணற்று மேட்டில் நின்ற ஆயில் இன்ஜின்தான்.

கவலை ஓட்டி மாடும் மனிதனும் களைத்த காலத்தில் வந்தவை அவை. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் 1930 வாக்கில் வந்த லிஸ்டர் இன்ஜின் நம் நாட்டுக்கும் வந்தது. அதே அச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பட்டறைகள் வார்க்கத் தொடங்கின. 1946-ல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் நிறுவனம் தொடங்கியது. லிஸ்டர் மாடலுக்கு இரண்டு பக்கமும் பெரிய பிளைவீல், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்றுதான். இப்போதைய சிறிய டீசல் இன்ஜின்கள் 1,500 சுற்று ஓடுகின்றன. அதனால்தான் அந்தக் காலத்து இன்ஜின் ‘டுக்... டுக்...’ என்று நிதானமாகப் பேசும். சத்தத்தை வைத்தே யார் கிணறு ஓடுகிறது என்று என் அப்பா சொல்லிவிடுவார். பிறகு கரன்ட் வந்தது. 1984-ல் சிறு, குறு விவசாயிகளுக்கும், அதன் பிறகு எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக எடைக்குப் போயின.

ஆறு வருடத்துக்கு முன், ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பயிர் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெரியவரின் கொட்டகையிலிருந்து லிஸ்டர் மாடல் இன்ஜினைக் காயலான் கடை ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். 300 கிலோவுக்கு மேல் எடை. கடைக்காரர் சொன்ன விலையை நானே கொடுத்தேன்.

“இன்னா சார், ஓடாத இரும்ப வெச்சினு இன்னா பண்ணப் போறீங்க?” என்றார் பெரியவர். “இது 95-லயே செத்துப்போச்சு. எம் புள்ள ஆயில் ஊத்தாம ஓட்டி இறுக்கிட்டான்.”

அந்தக் கோடையில் கடலைப் பயிர் கருகியபோது அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. “இன்ஜினைக் கொன்னவன் நீதான்” என்று இவர் சொல்ல, 18 வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பி ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நல்லது கெட்டதுக்கு வருவானாம். நிலத்தில் கால் வைக்க மாட்டானாம்.

இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் அசையவில்லை. இறுகிய இன்ஜினைச் சம்மட்டியால் அடிக்கவே கூடாது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து பிஸ்டன் மேல் ஊற்றி, குறையக் குறைய நிரப்பிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள், மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டியபடி பிளைவீலை முன்னும் பின்னும் ஆட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

உள்ளே பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் முதலில் கனெக்டிங் ராடு பேரிங் உருகியிருக்கும். அது வழவழப்பாக இருந்தது. அடியில் ஆயில் தார்போலக் கெட்டிப்பட்டிருந்தாலும் அளவு குறையவில்லை. தீய்ந்திருந்தது லைனரின் மேல்பகுதி மட்டும்தான். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழியில் கம்பியை விட்டேன். போகவில்லை. கிணற்றிலிருந்து வரும் தண்ணீரிலேயே ஒரு குழாயைத் திருப்பி இன்ஜினைக் குளிரவைப்பது அந்தக் கால வழக்கம். அந்த வழி முழுக்க வெள்ளையும் பழுப்புமாக உப்புப் படிவம் அடைத்துக் கல்லாகியிருந்தது. தண்ணீர் ஓட்டம் நின்று, சூடு ஏறித்தான் இன்ஜின் இறுகியிருக்கிறது. கொன்றது பையன் இல்லை. கிணற்றுத் தண்ணீர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், 1995-ல் அந்தக் கிராமம் என் பொறுப்பில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தக் கிணற்றுப் பாசனக் கடலைகளில் இலை ஓரம் கருகுவதைப் பார்த்தேன். நுண்ணூட்டக் குறை என்று நினைத்து ‘துத்தநாக சல்பேட் போடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பத் தோன்றவில்லை. பட்டம் வாங்கியவன் நான். பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

தோலைக் கெடாமல் வைக்க உப்பு, பதனிடும்போது இன்னும் பல ரசாயனங்கள். அந்தக் கழிவுநீர் வருடக்கணக்காக மண்ணில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்கெடுத்திருந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. அதே தொழில்தான் எங்கள் பகுதியில் பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. அந்தப் பையனுக்கும் சோறு போட்டது. அதையும் மறைக்க முடியாது.

மறுநாள் உப்புக் கட்டி ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்ப் பெரியவரிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். என் தவறையும் சொன்னேன். அவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு துண்டு முனையில் முடிந்துகொண்டு, “இத அவன்கிட்ட நான்தான் குடுக்கணும் சார்” என்றார்.

படிவத்தைச் சுரண்டி எடுத்தேன். லைனரும் ரிங்கும் புதிதாகப் போட்டேன். ராஜ்கோட்டில் செய்யும் உதிரிபாகங்கள் பெரும்பாலும் பொருந்துகின்றன. டீசல் டேங்கில் சரளைக்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். நாசிலைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தேன். ஐந்து மாதம் ஆனது.

ஓடவிட்ட ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் ஒரே வண்டியில் வந்தார்கள். ஹேண்டிலை மகனிடம் கொடுத்தேன். “கட்டை விரலை மத்த விரலோட சேர்த்து வெச்சுப் புடிடா, எகிறுச்சுனா ஒடிஞ்சிடும்” என்றார் பெரியவர். 40 வயதைத் தாண்டியவர், “தெரியும்பா” என்றார். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. சத்தத்தில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

இன்ஜின் சரியாகிவிட்டது. கிணறு இன்னும் சரியாகவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது அந்தக் கிணற்று நீரின் உப்பு நிலை குறைந்தது. மீண்டும் மெல்ல ஏறுகிறது. வருடம் இரண்டு முறை மகனே தண்ணீர் பிடித்து வந்து தருகிறார்.

கடிதம் எழுதிய வாசகருக்கு என் பதில் இதுதான். விற்பது உங்கள் விருப்பம். ஆனால், விற்பதற்கு முன் ஹெட்டைக் கழற்றித் தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள். உப்பு கட்டியிருந்தால் இன்ஜினை விட்டுவிட்டுக் கிணற்றைக் கவனியுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். மின் கடத்துதிறன் 0.75-க்குள் இருந்தால் பயமில்லை. 2.25-ஐத் தாண்டினால் கடலை, பயறு வகைகளுக்கு முன் யோசிக்க வேண்டும். இலை ஓரம் கருகினால், என்னைப் போல உரத்தை எழுதிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், “தண்ணியப் பாத்தீங்களா சார்?” என்று ஒரு முறை கேளுங்கள்.