நமது வயிற்றெரிச்சல்

வயிற்றெரிச்சல் என்றவுடன், பிறர் வாழப் பொறாத மனத்தையே நம்மவர் நினைப்பர். நாம் இங்குச் சொல்ல வந்ததோ இரைப்பையில் மூண்ட மெய்யான எரிச்சலை.

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாம் தமிழ் பயின்றது 1990-களின் நடுவில். அண்ணாமலை நகர் விடுதியில் இரவெல்லாம் விழித்துப் படிப்போம்; பசித்த வேளையில் தேநீர், உண்ணும் வேளையில் காரக்குழம்பு. நெஞ்செரிச்சல் கண்டது. மருந்துக் கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டோம், ரானிடிடின் தந்தனர். எரிச்சல் அடங்கியது. ஆசிரியப் பணி ஏற்றபின் ஒமிப்ரசோலுக்கு மாறினோம். ஒரு நாள் மருந்து பன்னிரண்டு ஆண்டு வழக்கமாயிற்று. இடையில் நிறுத்திப் பார்த்தபோது எரிச்சல் முன்னினும் மிகுந்தது. இனி இம்மாத்திரையின்றி வாழ்வில்லை என்று முடிவு கட்டினோம்.

கால்கள் மரத்துப்போன பின்னரே சிதம்பரத்தில் ஒரு மருத்துவரை நாடினோம். குருதியில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. உணவிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும் என்றும், அமிலத்தை நெடுங்காலம் அடக்கினால் அதுவும் மக்னீசியமும் குறையலாம் என்றும் அவர் விளக்கினார். மருந்தைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்கள் அமிலம் மிகுந்து சுரக்கும். அது கண்டு அஞ்சாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். நம் இரைப்பைப் புண்ணுக்கு வேரான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரையும் சோதனையில் கண்டறிந்தார். அந்நுண்ணுயிரைக் கண்டுணர்ந்த மார்ஷல், வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். பன்னிரண்டு ஆண்டு தீராத நோயை, அதே ஒமிப்ரசோல் நுண்ணுயிர்க்கொல்லிகளோடு சேர்ந்து இரண்டே வாரத்தில் தீர்த்தது.

விடுதியில் நாம் உண்ட ரானிடிடினின் கதை வேறு. புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என ஐயுறப்படும் மாசு அதில் உருவாவது அறியப்பட்டு, 2020-இல் அமெரிக்கா அதனைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022-இல் நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலினின்றும் அது நீக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் காண்போரிடம் சொல்லித் திரிந்தோம். அங்கேதான் பிழை செய்தோம். நம் தெருப் பெரியவர் ஒருவர் இதய நோய்க்கு ஆஸ்பிரின் உண்பவர். அது வயிற்றைப் புண்ணாக்காதிருக்கப் பேண்டப்ரசோலும் எழுதித் தந்திருந்தனர். நம் பேச்சைக் கேட்டவர் பேண்டப்ரசோலை மட்டும் விட்டுவிட்டார். சில வாரங்களில் மலம் கருத்தது. உள்ளே குருதிக் கசிவு. மருத்துவமனையில் பிழைத்தெழுந்தவர், "தம்பி, நீங்கள் சொன்னதால்தான் விட்டேன்" என்றார். அச்சொல் இன்றும் நம்மை எரிக்கிறது. இதற்கு மாத்திரை இல்லை.

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கினை எண்ணுகிறார். நாம் மருந்தை உண்டபோதும், பெரியவர் அதை விட்டபோதும் விடுபட்டவர் மருத்துவர் ஒருவரே. மாணவச் செல்வங்களே, 'எதற்காக? எத்தனை நாள்?' என்னும் இரு வினாக்களை மருத்துவரிடம் கேட்டபின் மருந்தை உண்ணுங்கள். நிறுத்தும்போதும் அவரையே கேளுங்கள்.