அந்தியூர் சந்தையில் குதிரை பார்க்கப் போனவர்

ஆடி பாதி கழிந்துவிட்டால் குதிரை ஆசை உள்ளவர்களுக்குத் தோட்டத்தில் கால் நிற்காது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் பண்டிகைக்கு நாள் குறித்தாயிற்றா என்று ஒருவரையொருவர் போனில் கேட்டுக்கொள்வார்கள். கோயில் இருப்பது அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில். ஆடிக் கடைசியில், பொதுவாக ஒரு புதன்கிழமை தொடங்கி நான்கு நாள் பண்டிகை. சாமிகளை மகமேரு தேரில் வைத்துத் தோளில் சுமந்தே வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதே நாள்களில் பக்கத்துக் காடெல்லாம் மாடும் குதிரையுமாக நிறைந்துவிடும்.

அன்னூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பத்து வருடமாக இங்கே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர். கொரோனாக் காலத்தில் சந்தை கூடாமல் போனபோது வீட்டில் நோம்பி இல்லாததுபோல் இருந்தது அவருக்கு. இந்த முறை வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு கிடாரி விற்ற பணம் 60 ஆயிரம் மடியில் இருந்தது. கூட மச்சினன்.

"ஏனுங்க, அது பால் கறக்குங்களா, ஏர் ஓட்டுங்களா? கொண்டு வந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. குதிரை வாங்கும் யாரிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பவானி வழியாகவும் வரலாம், சத்தியமங்கலம், அத்தாணி வழியாகவும் வரலாம். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் வடக்கே பர்கூர் மலை தெரியும். சந்தையில் முதலில் கண்ணில் படுவது அந்த மலையிலிருந்து இறங்கிய பர்கூர் மாடுகள்தான். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு, மிரண்ட பார்வை. அடுத்து காங்கேயம் காளைகள், எருமைகள், உயரமான வெள்ளாடுகள். மாடு வாங்க வந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அன்னூர்க்காரர் நிற்கவில்லை. கொள்ளு வேகும் வாசமும் பேண்டு மேளமும் வந்த திசையில் நடந்தார்.

குதிரைகள் கட்டியிருக்கும் பகுதி தனி உலகம். ராஜஸ்தானத்து மார்வாரி, குஜராத்துக் கத்தியவாரி இரண்டையும் காதை வைத்தே சொல்லிவிடலாம். உள்பக்கமாக வளைந்து இரு காது நுனியும் தொட்டுக்கொள்ளும். நுக்ரா என்ற வெள்ளைக் குதிரை இருக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம். அதன் தோல் இளஞ்சிவப்பு. கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் நம் பங்குனி சித்திரை வெயிலில் வெந்து புண்ணாகும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். ஒரு பக்கம் மேளத்துக்குத் தக்கபடி காலைத் தூக்கி வைத்து ஆடும் நாட்டியக் குதிரைகள், இன்னொரு பக்கம் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரைகள். விலை சில ஆயிரத்தில் தொடங்கிப் பல லட்சம் வரை போகும். கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் என்று பல ஊர் வியாபாரிகளும் வருகிறார்கள்.

திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று அந்தியூரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பர்கூர் மலை ஏறினால் கொள்ளேகால் பக்கம் மைசூர்ச் சீமை. 1790 செப்டம்பரில் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் திப்புவின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியிருக்கின்றன. குதிரைக்குத் தேவை இருந்த வட்டாரம்தான் இது. இன்று கோயம்புத்தூரில் ரேஸ்கோர்ஸ் என்று சாலைக்குப் பெயர் இருக்கிறது, குதிரை இல்லை. நாடு முழுக்க இதே கதைதான். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ல் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டன.

இப்படிப்பட்ட சந்தை நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் ஆப்பிள்பி என்ற சிற்றூரில் ஜூன் மாதம் ஜிப்சி மக்கள் குதிரைகளோடு கூடுவார்கள். ஊர் நடுவே ஓடும் ஈடன் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டி, தெருவில் ஓட்டிக் காட்டி விற்பார்கள். அங்கே உள்ளங்கையில் ஓங்கி அடித்து விலையை முடிக்கிறார்கள். இங்கே துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து முடிக்கிறார்கள். அங்கேயும் இங்கேயும் முதல் நாள் விலை கடைசி நாள் இருப்பதில்லை.

அன்னூர்க்காரர் நின்றது ஒரு வெள்ளைக் குதிரை முன்னால். மேளம் கேட்டதும் கழுத்தை வளைத்து ஆடியது. தரகர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். மச்சினன் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். அப்போது, பழனி அடிவாரத்தில் முப்பது வருடம் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"கண்ணு, சுழி பாத்தீங்க சரி. குளம்பு பாத்தீங்களா?"

சுழியால் குதிரைக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. விலை மட்டும் ஏறும், இறங்கும். நல்ல குதிரை ஒன்று சுழி சரியில்லை என்று மலிவாக வந்தால் விவரம் தெரிந்தவர் வாங்கிக்கொள்வார். பெரியவர் வேறு இடங்களைப் பார்த்தார். வெள்ளைக் குதிரை நிற்கும்போது வலது முன்னங்காலைச் சற்று முன்னால் நீட்டி, பாரத்தை இடதுகாலில் போட்டிருந்தது. குதிரை பின்னங்காலை மாற்றி மாற்றி ஓய்வாக வைக்கும், அது வழக்கம். முன்னங்காலை நீட்டி நிற்பது வலிக்கு அடையாளம். கடிவாளம் போடும் வாயோரத்தில் பழைய தழும்பு இருந்தது. முள் வைத்த கடிவாளத்தால் ஆடப் பழக்கியிருக்கிறார்கள். உதட்டைப் பிரித்து முன்பற்களைக் காட்டினார் பெரியவர். பால்பல் எல்லாம் மாறி வாய் நிறைய ஐந்து வயது ஆகும். அதற்கு மேல் பல் தேய்வைப் பார்த்துத்தான் வயது சொல்லவேண்டும். "ஆறு வயசு" என்று தரகர் சொன்ன குதிரையின் பல் நன்றாகத் தேய்ந்து முன்னால் சாய்ந்திருந்தது.

தரகர் துண்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனார்.

டீக்கடைப் பெஞ்சில்தான் உண்மையான பேச்சு நடந்தது. "மாடு வெச்சிருக்கறவங்கதான் குதிரையைச் சாகடிக்கறாங்க, கண்ணு" என்றார் பெரியவர். கேட்கக் கடுமையாக இருந்தாலும் அதில் உண்மை உண்டு. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையே 100 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். போட்டதைத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு ஒரே வயிறு, 8 முதல் 15 லிட்டர்தான். நார்த்தீவனம் செரிப்பதெல்லாம் பின்குடலில். அதனால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய வேண்டிய பிராணி. மாட்டைப்போல் ஏப்பம் விடாது. வாந்தி எடுக்கவும் அதன் உடலமைப்பில் வழியில்லை. சந்தையிலிருந்து 100 கிலோமீட்டர் நின்றபடியே களைத்து வந்த குதிரைக்கு ஆசையாக ஒரு கூடை கொள்ளோ மக்காச்சோள மாவோ வைத்தால், உள்ளே போனது புளித்துப் பொங்கும். வெளியே வராது. தரையைக் கீறும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், விழுந்து புரளும். குதிரை வயிற்றுவலி அதுதான். குடல் முறுக்கிக்கொண்டால் உயிர் போய்விடும்.

மாட்டுக்கு வயிறு உப்பினால் கொட்டத்தில் எண்ணெய் ஊற்றிப் புகட்டுவது நமக்குக் கைவந்த பழக்கம். குதிரைக்கு அதைச் செய்யவே கூடாது. தலையைத் தூக்கி வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் மருந்து கொடுக்கவேண்டும். மருத்துவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிட்டு, விழுந்து புரளாமல் கையில் பிடித்து மெதுவாக நடத்தலாம். கட்டுப்படாமல் புரண்டால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது. உதைபட்டால் நமக்குத்தான் சேதம்.

பல்லடம், அன்னூர்ப் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். கோழிக்கு அது ஒன்றும் செய்யாது. குதிரைக்கு மிகக் குறைந்த அளவே விஷம், இதயத் தசையைத் தாக்கும், மாற்றுமருந்து கிடையாது. மீந்த கோழித்தீவனத்தைக் குதிரைத் தொட்டியில் கொட்டுவதும், கோழித்தீவனச் சாக்கில் தவிடு கட்டி வைப்பதும் வேண்டாம்.

பசுந்தீவனத்திலும் கவனம் வேண்டும். கம்பு நேப்பியரிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாடு அதைப் பெரும்பாலும் வயிற்றிலேயே சமாளித்துவிடும். குதிரையால் முடியாது. இந்தப் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் எலும்பு பலவீனப்பட்டு, முகம் வீங்கி, நொண்டும். கூடவே பயறுவகைத் தீவனம் வேண்டும். குதிரைமசால் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ள தோட்டத்தில் புரட்டாசியில் பத்து சென்ட் விதைத்துவிட்டால் பிறகு அறுத்து அறுத்துப் போடலாம். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்எடைக் கணக்கில் 8 கிலோ தீவனமும், 25 முதல் 40 லிட்டர் தண்ணீரும் வேண்டும்.

தெரியாமல் தீனி போடுவது நம் நாட்டில் புதிதல்ல. கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் பெரும்பணம் கொடுத்து வருடந்தோறும் அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து குதிரை இறக்குவதையும், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளில்லாமல் அவை செத்துப்போவதையும், சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்து அவற்றுக்குக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். அரசருக்குக் கஜானா இருந்தது. மூன்று ஏக்கர்க்காரருக்குக் கிடாரி விற்ற பணம்தான் இருக்கிறது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாகிவிடும்.

அன்று இரவு அன்னூர்க்காரர் ஊர் திரும்பவில்லை. பெரியவர் காட்டிய ஒரு பழுப்புப் பெட்டைக் குதிரையின் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். ஆட்டம் தெரியாது, உயரமும் சுமார்தான், பின்கழுத்தில் ஒரு சுழி வேறு. இரவெல்லாம் சோளத்தட்டை நிதானமாகக் கடித்தது. மூன்று முறை சாணம் போட்டது, உருண்டை உடையாமல் இருந்தது. விடிகாலையில் விலாவில் காது வைத்தால் குடல் கடகடவென்று பேசியது. பெரியவர் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். கல்லின் மேலும் மண்ணின் மேலும் நடத்திப் பார்த்தார்கள்.

விலை 48 ஆயிரத்தில் முடிந்தது. பணம் கைமாறுவதற்கு முன் கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்கினார் மச்சினன். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் ஒட்டும். கண்டுபிடித்தால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டியதுதான், சிகிச்சை கிடையாது. பேசிய விலைக்கு மேல் அன்னூர்க்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். இதுவரை தின்று பழகிய தட்டும் தவிடும் ஒரு வாரத்துக்கு வேண்டும், அதில் நம் தோட்டத்துத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றிக்கொள்கிறேன் என்றார். விற்றவர் சிரித்துக்கொண்டே மூன்று மூட்டை ஏற்றிவிட்டார்.

"ஊசி மறக்காதீங்க, கண்ணு. துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு போதும்" என்றார் பெரியவர். ஜன்னி நோய் குதிரைக்கு மிக எளிதில் வரும், தடுப்பூசி கட்டாயம்.

டாடா ஏஸ் வண்டியில் ஏற மறுத்துக் கால்மணி நேரம் நின்றது குதிரை. யாரும் அடிக்கவில்லை. வண்டித் தரையில் வைக்கோல் பரப்பி, மூட்டையைப் பிரித்து ஒரு பிடி தட்டை முன்னால் காட்டியதும் தானே ஏறியது. பவானியில் நிறுத்தித் தண்ணீர் காட்டினார்கள். அரை வாளி குடித்தது. வீட்டுக்குப் போன் போட்ட அன்னூர்க்காரர், மாட்டுத்தொட்டியைக் கழுவி வைக்கச் சொன்னார்.

"கழுவியாச்சுங்க" என்றார் மனைவி. "பேரு என்னங்க வெக்கறது?"