கடைசி ஆள்

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள திடலுக்கு மாலை ஐந்தரைக்கு வந்துவிடுவார், பையன்களின் கால்பந்து கோச். மோட்டார் ஹேண்டிலில் தே ஓ ஐஸ் பொட்டலம் ஆடிக்கொண்டிருக்கும். கூம்புகளுக்குப் பதில் நாலு காலி பாட்டில். கல் பெஞ்சில் இருக்கும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கும் அதுதான் வசதி.

முதலில் முட்டிக்கு வைத்தியம். கால்சட்டையைச் சுருட்டி, உள்ளங்கையில் கோடாலித் தைலம் விட்டு, முட்டிச் சில்லைச் சுற்றி மூன்று தடவை தேய்ப்பார். ஓரத்தில் பூரான் மாதிரி ஒரு தழும்பு. அதை மட்டும் தொடமாட்டார்.

கோல் என்பது இரண்டு ஜப்பான் சிலிப்பர். அதற்கு முதுகு காட்டித்தான் நிற்பார். பையன்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓரடி பின்வாங்கி, குதிகாலால் சிலிப்பரைத் தடவி, மறுபடி முன்னே வருவார். திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினேழு தடவை.

"டேய், பந்தப் பாக்காத. இடுப்பப் பாரு. காலு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது." மலாய்ப் பையனுக்கு அதே மூச்சில், "ஜாகா பெலாகாங்!"

இன்று ஆர்சனல் சட்டை போட்ட பொடியன் முறுக்கிக்கொண்டான். பின்னால் நிற்கமாட்டானாம், கோல் போடணுமாம். முட்டி கடகடக்கக் குந்தினார்.

"ஒன் டீம்லதான்டா லுஷ்னி இருந்தாரு. தெரியுமா?"

பையனுக்குத் தெரியவில்லை. எத்தனை பேருக்குத் தெரியும்? ஒலெக் லுஷ்னி, உக்ரைன்காரர். 1999இல் டைனமோ கீவ் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனபோது அதன் கேப்டன். அதே ஆண்டு ஆர்சனலுக்கு வந்தார். ரைட் பேக். 2003 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சோல் கேம்பெல்லுக்குத் தடை. இவரைத் தற்காப்பின் நடுவில் நிறுத்தினார்கள். சவுத்தாம்டனால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. ஆனால் ஊர் சொல்வது பிரெஸ் அடித்த ஒரே கோலைத்தான்.

பிறகு பயிற்சியாளர் வேலை. 2010இல் டைனமோ கீவை இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். அடுத்து கிரிமியாவில் சிம்ஃபெரோபோலின் தாவ்ரியா. உக்ரைனின் முதல் லீக் சாம்பியன், 1992இல். அவர் அங்கிருந்து விலகிய பின், 2014இல், கிரிமியா ரஷ்யா வசமாக, அந்த அணியே கலைந்துபோனது. பின்னால் நிற்கிறவர்களுக்கு வாய்க்கிற வேலையும் அப்படித்தான் போலிருக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? 1974இல் பினாங்கு மலேசியக் கிண்ணம் வென்ற கதையைக் கோப்பிக்கடையில் கிளறினால் ஈசா பக்கார், அலி பக்கார் என்று முன்வரிசை ஓடிவரும். 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை போய்வந்த தற்காப்பு ஆட்டக்காரர் நமாட் அப்துல்லாவின் பெயர் வர இரண்டாவது கோப்பி வேண்டும்.

நம் கோச் எந்த அணிக்கு ஆடினார் என்று நான் கேட்டதில்லை.

பொடியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்வரிசைக்குப் போனான். வெளிச்சம் மங்கி, பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பாதிப் பையன்கள் கலைந்தார்கள். சிலிப்பருக்குச் சொந்தக்காரன் அதை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டான். அவர் கவனிக்கவில்லை. "எறங்குடா, எறங்கு!" என்று கத்தியபடி ஓரடி பின்னால் வைத்துக் குதிகாலால் துழாவினார். இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளித் துழாவினார். அங்கும் புல்தான்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.