சூடானால் குறையும் சத்தம்

அப்பாவின் பிக்கப் 280,000 கிலோமீட்டரைத் தாண்டிய வாரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு பழைய லேண்ட் ரோவர்கள் இன்னமும் ஓடுகிற ஊர் தானா ராத்தா. அவற்றில் இப்படி ஒரு விளக்கே கிடையாது. அப்பாவுடையது அவற்றுக்குப் பிந்தியது: பெட்ரோல் இன்ஜின், எக்சோஸ் குழாயில் இரண்டு ஆக்சிஜன் சென்சர்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். இப்போது சொந்த வண்டியில் காய்கறி ஏற்றித் தாப்பாவில் கொண்டுபோய் இறக்குகிறார். விளக்கு எரிவதற்கு ஒரு மாதம் முன்பே சொன்னார்: "காலையில ஸ்டார்ட் பண்றப்ப டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதுப்பா. சூடானா கொறஞ்சிடுது."

"பழைய இன்ஜின் அப்படித்தான்பா இருக்கும்" என்றேன். கையில் போன் இருந்தது. தலையை நிமிர்த்தினேனா என்பது நினைவில்லை.

விளக்கு எரிந்ததும் நான் சுறுசுறுப்பானேன். இயந்திரப் பொறியியல் படித்தவன், வீட்டில் இதுவரை அந்தப் படிப்புக்கு வேலை வந்ததில்லை. ஸ்கேனரை மாட்டினேன். பி0171 என்று வந்தது: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒர்க்‌ஷாப்பில் போமனும் அதே எண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஓடுன வண்டி, சென்சர் போயிருக்கும், மாத்திடுங்க" என்றார். 160,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்று நானும் படித்திருந்தேன். இருவரும் ஒத்துப்போனோம். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சென்சர் செய்வது ஒரு ஒப்பீடுதான். அதன் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எக்சோஸ் புகை. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரு பக்க ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவரும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம், பெட்ரோல் மிஞ்சியிருந்தால் 0.9 வோல்ட் பக்கம். இதன் அடிப்படைக் கணக்கை 1889-இல் எழுதியவர் வால்தர் நெர்ன்ஸ்ட். போஷ் நிறுவனத்தின் சென்சராக அது வால்வோ கார்களில் ஏறியது 1976-இல்.

எங்கள் ஊருக்கு இது தேவையான கருவி. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக 60 கிலோமீட்டர் வளைந்து ஏறி வருவதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்துவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு அது தெரியாது, மேலே வந்தும் கீழே குடித்த மாதிரியே பெட்ரோல் குடிக்கும். சென்சர் உள்ள வண்டியில் கம்ப்யூட்டர் அளவைத் திருத்திக்கொண்டே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். முதல் நாளே திருகில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்தேன். இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, வயர் நுழையும் வெட்டு உள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டு நெம்பினேன். முன்னால் இருந்தது உடனே வந்துவிட்டது, பின்னால் இருந்தது ஒரு மணி நேரம் படுத்தியது. இரண்டுக்கும் 700 வெள்ளிக்கு மேல் ஆனது. அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை.

மூன்று நாள் விளக்கு எரியவில்லை. நான்காம் நாள் அதே எண்.

அதற்கடுத்த காலை, குளிரில், அப்பா ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் போய் நின்றேன். டிக், டிக், டிக். பானெட்டைத் திறந்தால் இன்னும் தெளிவாகக் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். எக்சோஸ் மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் ஓரமாகக் கறுப்பாக ஒரு புகைக்கோடு. அங்கே ஒரு ஸ்டட் உடைந்திருந்தது.

அப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. எக்சோஸ் சீராக வெளியேறுவதில்லை, துடித்துத் துடித்து வெளியேறும். இரண்டு துடிப்புக்கு நடுவில் அழுத்தம் குறையும்போது அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். முன் சென்சர் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "காற்று அதிகம்" என்று சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். இரும்பு சூடாகி விரிந்தால் இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும். அப்பா ஒரு மாதம் முன்பு சொன்னது இதைத்தான். கேஸ்கெட் 40 வெள்ளி. உடைந்த ஸ்டட்டை எடுக்கத்தான் பாதி நாள் போனது.

"நீங்க அப்பவே சொன்னீங்களே, மறுபடி ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீ படிச்சவன். மெஷின் வச்சுப் பாக்குறே. நான் என்னத்தச் சொல்றது."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். தாப்பா ரோட்டின் வளைவுகளில் இத்தனை வருஷம் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கியவர். நானோ, விளக்கு எரிந்த பிறகுதான் வண்டியையே பார்த்தேன்.

கழற்றிய முன் சென்சரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வெளியே இடுக்கியில் பிடித்து, கேஸ் டார்ச்சின் தீயில் முனையைக் காட்டினேன். மல்டிமீட்டரில் எண் மெதுவாக ஏறி 0.8 வோல்ட்டில் நின்றது. தீயை விலக்கினேன், சட்டென்று இறங்கியது. மறுபடி காட்டினேன், மறுபடி ஏறியது.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுது?"

"நல்லாத்தான் இருக்குப்பா. இது கெட்டே போகலை."

"அப்ப எடுத்து வை. ஸ்பேர் ஆகும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ரிங்லெட் தாண்டி இறங்கறப்ப பின்சக்கரம் பக்கம் ஒரு மாதிரி கரகரங்குது."

டார்ச்சை அணைத்துவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டேன்.