கழற்றினால் டேப்லட்!

"மடித்தால் லேப்டாப், கழற்றினால் டேப்லட். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் சார்!" என்பார்கள் கடையில். மாங்காய் ரெண்டுதான், பல் கூசுமே, அதை யார் சொல்வது?

2012-ல் ஆப்பிளின் டிம் குக், டோஸ்டரையும் ஃப்ரிஜ்ஜையும்கூட ஒன்றாகச் சேர்க்கலாம், வாங்குகிறவருக்குப் பிடிக்காது என்கிற மாதிரி கிண்டலடித்தார். அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் 'சர்ஃபேஸ்' இறக்கியது. 2015-ல் பார்த்தால், ஆப்பிளே ஐபேட் ப்ரோவுக்குக் கீபோர்டு விற்கிறது! 2020-ல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவை மேஜிக் கீபோர்டோடு தூக்கினால், அந்த வருஷத்து மேக்புக் ஏரைவிடக் கனம்.

சாதா லேப்டாப்பில் கனமெல்லாம் கீழே. கழற்றுகிற ரகத்தில் மூளை, பேட்டரி எல்லாம் திரைக்குள். முதுகில் ஒரு தாங்கி. மேஜை கிடைத்தால் ஜம்மென்று நிற்கும். மின்சார ரயிலில் மடியில் வைத்தால், தாங்கி முழங்காலைத் தாண்டி, திரை மல்லாந்துவிடும். பேர் மட்டும்தான் லேப்டாப். மடியில் உட்கார மாட்டேன் என்கிறது!

ஆனாலும் மூணு வருஷமாக நான் வைத்திருப்பது இதைத்தான். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா பொடி எழுத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. திரையைக் கழற்றிக் கொடுத்தால், விரலால் எழுத்தைப் பெரிசாக்கி, வரி விடாமல் பேப்பர் படிக்கிறார். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வரும். என் கையில் வெறும் கீபோர்டு!

"அப்பா, ஒரே ஒரு மெயில்..."

"இருடா, இந்தப் பக்கம் முடியட்டும்."

ஒண்டிக்கட்டையா? தாராளமாக வாங்குங்கள் பிரதர், பை லேசாகும். வீட்டில் ரெண்டு பேர் என்றால் ரெண்டு சாமான்தான் சௌகரியம். போனஸ் வந்ததும் அப்பாவுக்குத் தனியாக ஒரு டேப்லட். பெத்த பிள்ளையிடம் அவர் எதற்கு அவகாசம் கேட்கணும்?