புகையின் எடை

புகைக்கு எடை உண்டு என்பதை மதுக்கூடங்களில் போய் அமர்ந்து நிறுவியவர்கள் ஜேம்ஸ் ரீபேஸும் ஆல்ஃபிரட் லோரியும். வாஷிங்டன் வட்டார உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் காற்றிலுள்ள நுண்துகள்களை அளந்து 1980-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அவர்களுடைய கருவிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கும். துகள் படியப்படிய அதிர்வெண் குறையும். அந்தக் குறைவிலிருந்து எடை கிடைக்கும். கவிஞன் யோசித்திருக்க வேண்டிய ஏற்பாடு! 2002 நவம்பரில் டெலவேர் மாநிலம் இத்தகைய இடங்களில் புகைக்கத் தடை விதித்தபோது, ரீபேஸ் ஒரு காசினோவிலும் ஆறு மதுக்கூடங்களிலும் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்திலும் தடைக்கு முன்னும் பின்னும் அளந்தார். அங்கிருந்த நுண்துகள் மாசில் சுமார் 90 சதவிகிதம் புகையிலையுடையது என்று தெரிந்தது.

இதைப் படித்ததிலிருந்து மூலக்குளத்தில் நண்பர்களுடன் நான் செல்லும் குளிரூட்டப்பட்ட மதுக்கூடம் (எனக்கு சோடா மட்டும், நம்புகிறவர்கள் நம்பட்டும்) வேறாகத் தெரிகிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் நெடி பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். நெடி எங்கும் போகவில்லை. மூக்கு அதைக் கைவிட்டுவிட்டது. குளிர்சாதனமோ அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. நாங்கள் இரண்டு மணிநேரத்தில் எழுந்துவிடுவோம். பரிமாறும் இளைஞர் பகல் பதினொன்றிலிருந்து இரவு பதினொன்றுவரை அங்கேயே நிற்கிறார். "சிகரெட் பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டேன். "தொட்டதே இல்ல சார்" என்றார். குரல் கரகரத்திருந்தது.

2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். சாம்பல் கிண்ணம்கூட வைக்கக் கூடாது. அங்கே கிண்ணம் இல்லைதான். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட காகிதக் குவளை வருகிறது. முப்பது இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகம் புகைப்பதற்குத் தனியிடம் ஒதுக்கலாம். ஆனால் அங்கே வேறெந்தச் சேவையும் கூடாது. விதியை எழுதியவருக்குப் பரிமாறுகிறவரின் நுரையீரல் நினைவிலிருந்திருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 24 மணிநேர வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியா 2009-இல் வகுத்தது 60, அதுவும் வெளிக்காற்றுக்கு. அந்த இளைஞர் நிற்கும் மூலையை எவரும் அளந்ததாகத் தெரியவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய உணரி ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதன் எண்களை நம்புவதற்கு முன், ஊதுவத்தி ஏற்றாத என் அறையில் ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும்.