தென்னைக்குப் போகிற வழியில் ஒரு குளியல் தொட்டி

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பேரப் பிள்ளைகளுக்கென்று நீச்சல் தொட்டி வைத்த விஷயம் காலை நடைப்பயிற்சி நண்பர்களுக்குள் பரவி, என்ன விலை, எங்கே வாங்கியது, தண்ணீர் நாறாதா என்று ஆளுக்கொரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் நடை நடந்தபாடில்லை. ஆகவே எழுதி வைத்து விடுகிறேன்.

நான் பிறந்த புதுச்சேரியில் வீட்டுப் பின்பக்கத்தைக் கொல்லை என்போம். கோயமுத்தூரில் பொறக்கடை. வடவள்ளிப் பக்கம் நாங்கள் வீடு கட்டிய காலத்தில் பொறக்கடைக்கென்று இடம் விட முடிந்தது. நான்கு தென்னை, ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, துவைக்கிற கல். நடுவில் வெயில் விழும் வெற்றிடம். இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூரிலிருந்து மகள் பேசும்போது, பிள்ளைகள் லீவுக்கு வந்தால் விளையாட அங்கே ஒரு பூல் போட்டால் என்ன என்று கேட்டாள். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஐந்து. மாப்பிள்ளை இணையத்தில் நாலைந்து படங்களையும் அனுப்பி வைத்தார்.

எனக்குச் சம்மதம்தான். என் மனைவிக்கு இல்லை.

"ஏனுங்க, ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து தண்ணியெடுத்து, நாலு நாள் குதிச்சுப்போட்டு, சாக்கடையில ஊத்தறதுக்குங்களா?" என்றாள். எங்கள் போர் 650 அடிதான். அதைத் திருத்திச் சொல்ல அது நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அவள் பிறந்தது கிணத்துக்கடவுப் பக்கம். எனக்குக் கல்யாணமான புதிதில் மாமனார் தோட்டத்தில் ஒரு பெரிய சதுரக் கிணறு, அதன் மேட்டில் மோட்டார் ரூம், பக்கத்தில் செங்கல் வைத்துக் கட்டிச் சிமெண்டு பூசிய தொட்டி. கொங்கு நாட்டில் தோட்டம் இருந்தால் தொட்டியும் இருக்கும். 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் மாடு பூட்டி இறைத்த கவலை மெல்ல மறைந்து மோட்டார் வந்தது. மோட்டாரும் பம்பும் நம் பீளமேட்டுப் பட்டறைகளிலேயே தயாராயின. குழாயிலிருந்து பாய்கிற வேகத்தில் தண்ணீர் மண்ணை அரித்துவிடாமல், ஒரு கணம் தேங்கி, பிறகு சாந்தமாக வாய்க்காலில் இறங்குவதற்காகத்தான் அந்தத் தொட்டி. குளிப்பதற்கென்று யாரும் கட்டவில்லை. ஆனால் மூணு பேஸ் கரண்ட் வந்ததும் முதலில் ஓடிப் போய்க் குதிப்பது பிள்ளைகள்தான். கடற்கரை ஊரில் வளர்ந்த நானே அந்தக் குழாய்க்கடியில் தலையைக் கொடுத்த அன்றைக்குத்தான் தண்ணீருக்கு இவ்வளவு எடை உண்டென்று தெரிந்துகொண்டேன்.

பிறகு கிணறு இறங்கிக்கொண்டே போனது. உள்ளே சைடு போர் போட்டார்கள், வெளியே போர் போட்டார்கள், அடுத்த போர் இன்னும் ஆழமாக. கடைசியில் தொட்டியில் கோழி அடைத்தார்கள். மாமனார் கடைசி நாட்களில் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். இதைப் பார்த்த பெண்ணிடம் போய் நீச்சல் தொட்டி என்றால் எப்படி இருக்கும்?

அவள் கேள்வி அவளுடையது மட்டும் அல்ல. என் அண்ணன் பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகன் தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பெர்பிஞான் பக்கம் இருக்கிறான். அந்த நாட்டில் இந்தத் தொட்டிக்கு 'பிசீன் ஓர் சோல்' என்று பெயர். மண்ணுக்கு மேலே வைக்கும் தொட்டி. மண்ணைத் தோண்டிக் கட்டினால் வீட்டு வரி ஏறும். கழற்றி வைக்கிற தொட்டிக்கு ஏறாது. 2022-இல் வான்வழிப் படங்களைக் கணினியால் அலசி, ஒன்பது மாவட்டங்களில் மட்டும் கணக்கில் காட்டாத 20,000-க்கு மேற்பட்ட குளங்களை வரித்துறை பிடித்தது என்று படித்தபோது, முப்பத்தைந்து வருஷம் பதிவேடுகளோடு வாழ்ந்த எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அடுத்த வருஷம் 2023 மே மாதம், கடும் வறட்சியால் அண்ணன் மகன் இருக்கும் அந்த மாவட்டத்திலேயே இந்தத் தொட்டிகளை விற்கவே தடை போட்டார்கள். பணக்கார நாட்டிலேயே தண்ணீர் இல்லையென்றால் இந்தக் கதிதான். இதையும் மனைவியிடம் மறைக்காமல் சொன்னேன். "பாத்தீங்களா" என்றாள்.

அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். குமாஸ்தாவுக்கு வேறென்ன தெரியும்?

நம் பக்கத்துத் தென்னைக்குச் சொட்டுநீர் விட்டால் கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நான்கு மரத்துக்கு 260. இந்தத் தண்ணீரை எப்படியும் போரிலிருந்து எடுத்து மரத்துக்கு விடப் போகிறோம். பத்தடி விட்டத்தில் ஒரு வட்டத் தொட்டி, அதில் இரண்டரை அடி தண்ணீர் என்றால் சுமார் 5,560 லிட்டர். அதாவது தென்னைகளின் சுமார் இருபத்தொரு நாள் தண்ணீர். தினமும் காலையில் 260 லிட்டரைத் தொட்டியின் அடியிலிருந்து மரங்களுக்குத் திறந்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீரை மேலே விட்டால், மட்டம் ஒன்றரை அங்குலம் இறங்கி ஏறும். சுமார் இருபத்தொரு நாளில் ஒரு தொட்டித் தண்ணீர் மரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தண்ணீர் போகிற இடம் பழைய இடம்தான். போகிற வழியில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். மாமனார் தோட்டத்துத் தொட்டி செய்த அதே வேலை. வெயிலில் ஆவியாவது மட்டும் நஷ்டம், அதுவும் இரவு பகல் மூடி வைத்தால் பெருமளவு குறையும்.

காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்தாள். சிறுவாணித் தண்ணி ஒரு சொட்டு இதில் சேரக்கூடாது, சாக்கடைக்கு ஒரு சொட்டு போகக்கூடாது என்று இரண்டு நிபந்தனை போட்டாள். கையெழுத்துத்தான் பாக்கி.

இனி தொட்டி. காற்றடைத்த வளையம் வைத்த தொட்டிகள் மலிவு. நம் வெயிலுக்கும் முருங்கைக் குச்சிக்கும் ஒரு கோடை தாங்கினால் பெரிது. இரும்புக் குழாய்ச் சட்டம் போட்ட வெளிநாட்டுத் தொட்டிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு குழாய் இணைப்பு உடைந்தால் மாற்றுச் சாமானுக்கு எங்கே அலைவது? செங்கல் தொட்டி கட்டலாம், அது நிரந்தரமாக இடத்தை அடைக்கும், சுருங்கி விரிந்து வெடிப்பும் விடும். மொட்டை மாடியில் வைக்கலாமே என்றார் மாப்பிள்ளை. இரண்டரை அடி தண்ணீர் சதுர மீட்டருக்கு சுமார் 760 கிலோ. நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியில் வழி காட்டியது மீன். பயோஃப்ளாக் முறையில் மீன் வளர்க்கிறவர்கள் தோட்டங்களில் வட்டத் தொட்டி வைக்கிறார்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 2020 முதல் இதற்கு மானியமும் உண்டு. துத்தநாகம் பூசிய வெல்டட் மெஷ் வளையம், உள்ளே கனமான பி.வி.சி. தார்ப்பாய், நடு அடியில் வடிகுழாய். வருஷக்கணக்கில் வெயிலில் நின்று தண்ணீரைத் தாங்குவதற்கென்றே செய்தது. கிழிந்தால் உக்கடம் பக்கம் தார்ப்பாய்க் கடையில் ஒட்டித் தருவார்கள். 650 ஜி.எஸ்.எம். பாய் கேட்டு வாங்குங்கள். எடை குறைந்ததை நல்லதென்று சொல்லி விற்கப் பார்ப்பார்கள். ஏணி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து எனக்குப் பதினெட்டாயிரத்துக்குள் முடிந்தது. நீச்சல் குளத்துக்கு மீன் தொட்டியா என்று மகள் சிரித்தாள். 'பிசீன்' என்ற சொல்லே லத்தீனில் மீன் குளத்தைக் குறித்த சொல்தான் என்று என் பள்ளிக்கூடப் பிரெஞ்சை எடுத்து விட்டேன். ஐம்பது வருஷமாக உபயோகமில்லாமல் கிடந்த சரக்கு.

ஏன் வட்டம் என்று பேரன் கேட்டான். சதுரத் தொட்டியில் தண்ணீர் பக்கச் சுவரை வெளியே வளைக்கப் பார்க்கும். வட்டத்தில் வளைக்க வழியில்லை, வளையத்தை இழுக்கத்தான் முடியும். எங்கள் தொட்டியில் அந்த இழுவை மொத்தம் 440 கிலோ அளவுக்கு வருகிறது. மெஷ்ஷின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில்தான் அது முழுவதும் விழும். ஆகவே அந்த இணைப்பைக் கட்டுக்கம்பியால் கட்டி ஒப்பேற்றாமல், மெஷ்ஷை ஓரடி ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்து, போல்ட் போட்ட பட்டையால் இறுக்க வேண்டும்.

இடம்தான் பாதி வேலை. தென்னைக்கு நேர் கீழே கூடாது. மட்டை விழும், காய் விழும், கீழே பிள்ளைகள் இருப்பார்கள். நாங்கள் மரங்களிலிருந்து பதினைந்தடி தள்ளி வைத்தோம். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபே போதும். எங்கள் பத்தடியில் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் மேடாக இருந்தது. மேட்டைச் செதுக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பக் கூடாது, நிரப்பிய மண் ஐந்து டன் தண்ணீர் ஏறியதும் அமுங்கி, தொட்டி ஒரு பக்கம் சாயும். அடுத்து கோரை. கோரைக் கிழங்கு ஒன்று மிச்சமிருந்தாலும் அதன் முளை ஊசி மாதிரி தார்ப்பாயைத் துளைத்துக்கொண்டு வரும். இரண்டு ஆள் வைத்து ஒரு முழம் ஆழம் கிளறி எடுத்தோம். மேலே இரண்டு அங்குலம் சலித்த பி-சேண்ட். எம்-சேண்டில் கூர் அதிகம். வடிகுழாயை நோக்கி நடுவில் இலேசாகக் குழி. அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள் இரண்டு அடுக்கு. கோயமுத்தூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. எல்லாக் கட்சித் தலைவர்களையும் பாரபட்சமில்லாமல் முகம் கவிழ்த்துப் படுக்க வைத்தோம். மெஷ்ஷின் வெட்டு முனைகளில் நீளவாக்கில் பிளந்த ஹோஸ் குழாயைச் செருகி, உட்புறம் ஃபோம் ஷீட் சுற்றி, பிறகுதான் பாய். முதல் அரையடி தண்ணீர் ஏறும்போது இருவர் உள்ளே நின்று காலால் சுருக்கத்தை நீவிவிட வேண்டும்.

தண்ணீருக்கு மருந்து ப்ளீச்சிங் பவுடர். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால் போதும். எங்கள் தொட்டிக்கு ஒரு தடவைக்கு முப்பது கிராம் சொச்சம். பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும், சூரியன் இறங்கியபின் ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் நம் ஊர் வெயில் சில மணி நேரத்தில் தின்றுவிடும். சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் மருந்து பட்டதும் காப்பி நிறமாகும். பயப்பட வேண்டாம், ஒரு நாளில் அடியில் படிந்துவிடும், காலை வடிகுழாயைத் திறந்தால் முதலில் வெளியேறுவது அதுதான். இவ்வளவு சொற்பக் குளோரினால் தென்னைக்கு ஒன்றும் ஆகாது. மூடுவதற்குக் கறுப்புப் பாய். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைப் பறக்கவிடும் என்பதால் சுற்றிலும் கயிறு கட்டிக் கல் தொங்கவிட்டோம். மூடாமல் மருந்தில்லாமல் ஒரு வாரம் விட்டால் டெங்கு கொசுப் பண்ணைதான்.

பிள்ளைகள் பாதுகாப்பில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையானவன் என்று வீட்டில் பெயர். பிரான்சில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணுக்குள் கட்டிய வீட்டுக் குளங்களுக்கு வேலியோ அலாரமோ மூடியோ ஏதாவது ஒரு காவல் கட்டாயம். மண்ணுக்கு மேலே வைக்கும் தொட்டிக்கு அது கிடையாது. சட்டம் கேட்காததால் ஆபத்தும் இல்லை என்று அர்த்தமா? வாளித் தண்ணீரிலேயே குழந்தை போய்விடுகிறது, சத்தமே இல்லாமல். எங்கள் தொட்டியின் சுவர் நான்கடி, ஆனால் மெஷ் கண்கள் பிள்ளைகளுக்கு ஏணிப்படி. ஆகவே வெளிப்புறம் முழுதும் வழுவழுப்பான ஷீட் சுற்றி மூடினோம். இரண்டு பக்கமும் படி உள்ள இரும்பு ஏணி ஒன்றைப் பட்டறையில் செய்தோம். குளியல் முடிந்ததும் அது வீட்டுக்குள் வந்து பூட்டப்படும். தண்ணீரில் பிள்ளை இருக்கும் வரை பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல். மாப்பிள்ளைக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். மோட்டார், ஒயர் எதுவும் தொட்டிப் பக்கம் இல்லை. மரத்துக்குத் தண்ணீர் தானாகவே சரிவில் இறங்குகிறது.

வடிகுழாய் வால்வு முதல் வாரத்திலிருந்தே என் மனைவி பொறுப்பு. காலை ஆறு மணிக்குத் திறந்து, ஒன்றரை அங்குலத்துக்குப் போட்ட கோட்டில் மூடுவாள். யார் கையையும் வைக்க விடமாட்டாள். தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது மண்வெட்டியால் மடை மாற்றிவிட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேத்தி அவள் பின்னாலேயே போய், "அமுச்சி, எந்த மரத்துக்கு இன்னிக்கு என் தண்ணி?" என்று கேட்கும்.

ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் போனதும் இருபது நாளில் தொட்டி காலி. பாயைக் கழுவி, நிழலில் காயவைத்து, முகத்துப் பவுடர் தூவிச் சுருட்டிப் பரணில் வைக்கிறோம், எலிக்குப் பயந்து இரும்புப் பெட்டியில். மெஷ் வளையம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆடிப் பட்டத்தில் அதைச் சுற்றிப் பீர்க்கன் விதை ஊன்றுகிறாள். போன வருஷம் தெருவுக்கே கொடுத்தோம். இந்த ஆடிக்கு அவரை போடலாம் என்கிறேன் நான், பீர்க்கன்தான் என்கிறாள்.